தலைக்கணக்கு

அந்த மலையில் இரண்டு சபைகள் இருந்தன. உச்சிமேட்டில் கட்டியிருந்தது மேல்சபை. ஆற்றோரம் கட்டியிருந்தது கீழ்சபை. இரண்டுக்கும் கடவுள் ஒருவர், புத்தகமும் ஒன்றுதான். பிறகு எதில் வேறுபாடு என்று யாராவது கேட்டால், கேட்டவரை உட்காரவைத்து அரைமணி நேரம் விளக்குவார்கள். எழுந்து போகும்போது கேட்டவருக்கும் புரிந்திருக்காது, சொன்னவருக்கும் குழம்பிப்போயிருக்கும். ஆனால் ஒரு சபைக்காரரை இன்னொரு சபையின் இடுகாட்டில் புதைக்க முடியாது என்பது மட்டும் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும்.

பத்து வருடத்துக்கு ஒருமுறை அரசாங்கம் தலை எண்ணும். எந்தப் பிரிவில் தலை அதிகமோ, அந்தப் பிரிவுக்கு மலை மன்றத்தின் தலைமை நாற்காலி. போன முறை மேல்சபைக்குப் பதினொரு தலை கூடுதல். அந்தப் பதினொரு தலையை வைத்துக்கொண்டு அவர்கள் ஆடிய ஆட்டம் கொஞ்சமில்லை. சாலை மேட்டுப்பக்கமே வளைந்தது. தண்ணீர்க் குழாய் மேட்டுப்பக்கமே ஏறியது, தண்ணீர் மேலே ஏறாது என்று பொறியாளர் தலையில் அடித்துக்கொண்டும்.

மேல்சபைக்குத் தலைவராக இருந்தவருக்குச் சொந்தமாக ஆப்பிள் தோட்டங்களும் பெரிய குளிர்க்கிடங்கும் இருந்தன. நல்ல உயரம், நல்ல குரல். உள்ளே ஒன்றுமில்லாத பாத்திரம்தானே அதிகம் ஒலிக்கும்? அவருக்கு ஒரே தங்கை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பதினொரு வருடத்துக்கு முன் அவள் கீழ்சபைக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்களுக்கு அளவெடுத்துச் செய்து கொடுக்கிற தொழில். கல்யாணச் செய்தி வந்த அன்று தலைவர் சபை மண்டபத்தில் எழுந்து நின்று, "எனக்குத் தங்கச்சி கிடையாது, இருந்ததும் இல்ல" என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. ஒருத்தி பிறக்கவே இல்லை என்று சொன்னதற்குக் கைதட்டிய கூட்டம் அது.

கீழ்சபைக்காரர்கள் மட்டும் என்ன ஒசத்தி? பதினொரு வருடமாக அவள் அவர்களுக்கு 'மேட்டுக்காரி'தான்.

அவர்களுடைய அப்பா மலைப்பாதையில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு இருமல் வந்தது. சபைப் பெரியவர்கள் வந்து போகிற வீட்டில் இருமல் சத்தம் கௌரவமாக இல்லை என்று, வீட்டுக்குப் பின்னால் காலிப் பெட்டிகள் போடும் அறையில் அவருக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தார் தலைவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அப்பா மருமகனின் கடைக்கு வருவார். "செட்டு உறுத்துது மாப்பிள்ளை" என்று வாயைத் திறப்பார். எங்கேயும் உறுத்தவில்லை என்று மருமகனுக்குத் தெரியும். இருந்தாலும் செட்டை வாங்கி, தேய்க்க வேண்டாத இடத்தைக் கொஞ்சம் தேய்த்து, "மாமா, வாயில இல்லாதப்போ தண்ணியிலதான் இருக்கணும், காய்ஞ்சா கோணிக்கும்" என்று ஒவ்வொரு முறையும் அதையே சொல்லித் திருப்பிக் கொடுப்பார். அதற்குள் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடுவாள். அப்பாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்தது.

இந்த முறை கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களைப் போட்டார்கள். யாருக்கு எந்த வட்டம் என்று சீட்டுக் குலுக்கியதில் ஏழாம் வட்டம் டீச்சருக்கு விழுந்தது. மலையின் நடுச்சாலை, அதன் மேல்பக்கத்து வீடுகள், கீழ்பக்கத்து வீடுகள், அண்ணனின் வீடு, அவருடைய குளிர்க்கிடங்கு எல்லாம் அதில் அடக்கம். தலைவர் அதிகாரியிடம் போய் மறுப்புச் சொன்னார். அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "உங்களுக்குத் தங்கச்சியே கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் எப்படி உறவுக்காரங்கன்னு மாத்தச் சொல்றீங்க?" என்றார். தலைவர் வந்த வழியே திரும்பினார்.

விதி எளிமையானது. எண்ணத் தொடங்கும் கணக்கு நாளன்று காலையில் உயிரோடு இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் மலையிலேயே தங்கியிருக்க வேண்டும். இந்த இரண்டு வரியைக் கேட்டதும் இரண்டு சபைகளும் தங்கள் வீடுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தன. பெண்ணும் பிள்ளையும் படிக்கவும் பிழைக்கவும் எப்போதோ வெளியே போய்விட்டிருந்தார்கள். பாதி வீடுகளில் கிழடுகளும் பூட்டும்தான் மிச்சம்.

ஆகவே ஆள் சேர்க்க ஆரம்பித்தார்கள். மேல்பக்கத்து மளிகைக்கடைக்காரர், கடல்தாண்டிப் போய் எட்டு வருடமான இரண்டு மகன்களையும் எழுதச் சொன்னார்.

"அவங்க இங்க இல்லையே" என்றாள் டீச்சர்.

"உடம்புதான் அங்க. மனசெல்லாம் இங்கதான் இருக்கு."

"மனசுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லீங்க. உடம்பு வந்தா சொல்லி அனுப்புங்க."

கீழ்பக்கத்தில் ஒரு வீட்டில் பிறந்து மூன்று மாதமான குழந்தையைக் காட்டினார்கள். காதுமடலில் மிளகளவு மச்சம். எழுதிக்கொண்டாள். நான்கு வீடு தள்ளி இன்னொரு கைக்குழந்தை. அதற்கும் காதுமடலில் மச்சம். கீழ்சபையின் செயலாளர் அவள் கணவனுக்குச் சித்தப்பா. அவர் வீட்டுக்குப் போவதற்குள் அதே குழந்தை கொல்லை வழியாக அங்கே போய்ச் சேர்ந்து, அலைந்த களைப்பில் அழுதுகொண்டிருந்தது.

"பேரன்" என்றார் சித்தப்பா.

"எல்லா வீட்டுக்கும் பேரன் போல இருக்கு. பாவம், முதல்ல அதுக்குப் பால் குடுங்க" என்று சொல்லி இரண்டாம், மூன்றாம் வீட்டுக் குழந்தைகளைப் பட்டியலிலிருந்து அடித்தாள். கொள்கைக்காக உயிரையும் கொடுப்போம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் கடன் கேட்டது பக்கத்து வீட்டுக் குழந்தையை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்த வாசல். தலைவர் கூடத்தில் சபைப் பொருளாளருடன் உட்கார்ந்திருந்தார். தங்கையைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. மரியாதையை மட்டும் கூட்டினார்.

"வாங்க மேடம். கேக்க வேண்டியதைக் கேட்டுட்டுக் கிளம்புங்க."

"குடும்பத் தலைவர் பேரு?"

"உலகத்துக்கே தெரியும்."

"படிவத்துக்குத் தெரியாது. சொல்லுங்க."

சொன்னார். மொத்தம் ஏழு பேர் என்றார்: அவர், மனைவி, மூன்று பிள்ளைகள், மாமியார், அப்பா. பெரிய பிள்ளைகள் இருவரும் மூன்று வருடமாக வெளியூர்க் கல்லூரியில் என்பது ஊருக்கே தெரியும். டீச்சர் அந்த இரண்டு பெயரையும் படிவத்தில் அடித்தாள். தலைவரின் முகம் கறுத்தது. பொருளாளர் விரலை மடக்கி எதையோ எண்ணினார்.

"அப்பாவைப் பார்க்கணும்" என்றாள்.

"தூங்குறார். காய்ச்சல், மாத்திரை போட்டிருக்கு."

"பஸ் ஓட்டின மனுஷன். அஞ்சு மணிக்கு மேல படுக்கையில கிடக்க மாட்டாரே."

"ஆளைக் கண்ணால பார்த்துத்தான் எழுதணும்னு விதி இருக்கா மேடம்?"

இல்லை. வீட்டுத் தலைவர் சொன்னால் போதும் என்பதுதான் விதி. டீச்சர் தண்ணீர் வேண்டும் என்று எழுந்து, யாரும் தடுப்பதற்குள் சமையலறைக்குள் போனாள். அண்ணி அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், ஒரு எவர்சில்வர் டம்ளர். அதற்குள் அப்பாவின் பல் செட். டம்ளரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. செட்டு காய்ந்து வெளிறி, ஒரு ஓரம் லேசாகக் கோணியிருந்தது.

பல் செட்காரரின் மனைவிக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டம்ளரை எடுத்து அண்ணியின் பக்கம் நீட்டினாள்.

"அண்ணி, அப்பா எங்க?"

"என்னைக் கேக்காதே. சொன்னா உங்க அண்ணன் என்னை உயிரோட விடமாட்டார்." அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "கிடங்கும் உன் வட்டத்துலதானே வருது? அங்கேயும் போய் எண்ணு. போ" என்றாள்.

டீச்சர் படிவத்தை மூடாமல் கிளம்பினாள். "இன்னும் முடியல. திரும்பி வர்றேன்" என்று மட்டும் கூடத்தில் சொன்னாள். பொருளாளர் எழுந்து வழிவிட்டார்.

கிடங்கு அங்கிருந்து நடை தூரம்தான். பின்னால் தகரக் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. சமவெளியிலிருந்து வந்து பழம் பறிக்கிறவர்களும் பெட்டி அடுக்குகிறவர்களும் அவற்றில் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். மேல்சபை, கீழ்சபை இரண்டும் ஒரே குரலில் அவர்களை 'வந்து போற கும்பல்' என்று சொல்லும். போன கணக்கெடுப்பில் எண்ண வந்தவர் கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஆடு மாடுகளுக்காவது தனியாக ஒரு பதிவேடு இருந்தது.

கொட்டகை வாசலில் பெட்டி கட்டும் பெண்களின் மேஸ்திரி நின்றிருந்தாள். நாற்பது வயது, கையில் ஆணிக்காயம், இடுப்பில் சாவிக்கொத்து.

"எங்களையுமா எழுதப் போறீங்க டீச்சர்?"

"எத்தனை மாசமா இருக்கீங்க?"

"மாசமா? ஆறு வருஷம் ஆச்சு. நடுவுல எங்கம்மா செத்ததுக்கு ஒரு பதினஞ்சு நாள் போயிட்டு வந்தேன். அதைக் கழிச்சுக்குங்க."

"கழிக்க வேண்டாம். என்ன மதம், என்ன சபை?"

மேஸ்திரி தயங்கினாள். "எங்களுக்கு எங்க சாமி இருக்கு. பெட்டி அடுக்குற மூலைல வெச்சிருக்கோம். முதலாளி வந்தா சாக்குப் போட்டு மூடிடுவோம். அதையெல்லாமா எழுதுவீங்க?"

"சொல்லுங்க. மூடாம எழுதுறேன்."

சொல்லச் சொல்ல எழுதினாள். ஒரு கொட்டகை, அடுத்த கொட்டகை. இருநூற்றுப் பதினாலு பேர். ஒருவர்கூட இல்லாத ஆளைச் சொல்லவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த ஒருத்தி, தன்னைக் கண்ணால் பார்த்தால்தான் செல்லும் என்று நினைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள்.

கடைசிப் பெயரை எழுதியதும் டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தாள். "அக்கா, எங்கப்பா இங்க இருக்காரா?"

மேஸ்திரி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். "நாலாம் ரூம். அஞ்சு நாளாச்சு. நாங்கதான் தூக்கிட்டு வந்து வெச்சோம். வாயைத் திறந்தா வேலை போயிடும்னு சொன்னாங்க டீச்சர். மன்னிச்சிருங்க."

அஞ்சு நாள் என்றால் கணக்கு நாளுக்கு மூன்று நாள் முன்பு. எண்ணிக்கை முடிந்த மறுநாள் அப்பா இறந்துபோவதாக ஏற்பாடு.

நான்காம் அறையின் கதவு கனமானது. உள்ளே பெட்டிகள் கூரைவரை நின்றன. ஆப்பிள் வாசனையில் மூச்சு அடைத்தது. இரண்டு அடுக்குப் பலகைகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். பல் இல்லாமல் வாய் உள்ளே போயிருந்தது. கழுத்துவரை ஒரு பழைய கம்பளி.

"இது யார் போர்த்தினது?"

"எங்களுதுதான். தார்ப்பாய்தான் குடுத்தாங்க. குளிருமேன்னு..." மேஸ்திரி முடிக்காமல் நிறுத்தினாள், செத்தவருக்கு என்ன குளிர் என்று அவளுக்கே தோன்றியிருக்கும்.

டீச்சர் அப்பாவின் கையைத் தொட்டாள். கல். முப்பது வருடம் வளைவு வளைவாக ஸ்டீயரிங் திருப்பிய கை. பேருந்தில் ஏறியவர்களில் யாரிடமும் எந்தச் சபை என்று அவர் கேட்டதில்லை. உள்ளே தள்ளி நில்லுங்கள் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார். அவள் அழுதாள். சத்தமாகவே அழுதாள். மேஸ்திரி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

அவள் கிடங்குக்குப் போன செய்தி எட்டி, தலைவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பொருளாளர் எங்கேயோ மறைந்துவிட்டிருந்தார். அந்த மாதிரிக் கூட்டாளிகள் காற்றடித்தால் முதலில் பறப்பவர்கள். தலைவர் மேஸ்திரியை வெளியே போகச் சொன்னார். அவள் நகரவில்லை.

"இப்ப என்ன, ஊரைக் கூட்டப் போறியா?" 'மேடம்' போய்விட்டிருந்தது.

"எப்ப செத்தார்?"

"தூக்கத்துல போயிட்டார். கஷ்டப்படல."

"பக்கத்துல யார் இருந்தது?"

தலைவருக்குத் தெரியவில்லை. காலையில் சாப்பாடு கொண்டுபோன அண்ணிதான் பார்த்திருக்கிறாள்.

"ஒரு வாரம்தான். அப்புறம் ஊரே மூக்குல விரல் வைக்கிற மாதிரி அடக்கம் பண்றேன். இந்தத் தடவை எவ்வளவு நெருக்கம்னு உனக்குத் தெரியுமா? ஒரு தலை, ரெண்டு தலையில நாற்காலி போயிடும். அப்பா கடைசியா சபைக்கு ஒரு உதவி செஞ்சதா இருக்கட்டுமே."

"உயிரோட இருந்தப்ப அவரை ஒரு ஆளா நீ எண்ணலையே அண்ணா. பெட்டி ரூம்ல போட்ட. இப்ப மட்டும் எதுக்கு எண்ணணும்?"

தலைவர் குரலைத் தணித்தார். மேடையில் நன்கொடை கேட்கும்போது வருகிற குரல் அது. "சரி, நடந்தது நடந்துபோச்சு. நீயும் எங்க ரத்தம்தானே. இதை மட்டும் எழுதிக் குடு. அடுத்த வாரமே சபையில எழுந்து உன்னைத் திரும்பச் சேர்த்துக்கிறேன்னு சொல்றேன். வீட்டுப் பேரேட்டுல உன் பேரை ஏத்திடலாம். நீயும் எங்க கணக்குல..."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் பிணத்துக்கு முன்னால் சிரிக்கிறோமே என்ற கூச்சமும் வந்தது. இந்த ஆளைப் பார்த்தா பதினொரு வருடம் பயந்தோம், இந்த ஆள் கூப்பிட மாட்டாரா என்றா சில ராத்திரிகள் ஏங்கினோம் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் அருவருத்தது.

"உன் கணக்குல என்னை எழுதாதே" என்றாள். "எனக்கு வெக்கமா இருக்கும்."

பலகையின் ஓரத்தில் படிவத்தை வைத்து, ஏழாவது வரியில் கோடு போட்டாள். பக்கத்தில் இறந்த தேதியை எழுதினாள். தலைவர் அவள் கையைப் பிடிக்கப் போனார். மேஸ்திரி ஒரு அடி முன்னே வந்தாள்; அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. கை கீழே இறங்கியது.

மறுநாள் அடக்கம். தலைவர் இருபது நிமிடம் பேசினார். என் தெய்வம் என்றார், என் வழிகாட்டி என்றார், தொண்டை அடைத்துக்கொள்ள வேண்டிய இடங்களில் சரியாக அடைத்துக்கொண்டது. கிடங்கு விஷயம் அதற்குள் மலை முழுக்கத் தெரிந்திருந்தது. மேல்சபையில் எல்லோருக்கும் அவர்மேல் கோபம். பெற்றவரை ஆப்பிளோடு அடுக்கினாரே என்பதற்காக அல்ல, அகப்பட்டுக்கொண்டாரே என்பதற்காக.

அன்று மாலையே கீழ்சபைச் செயலாளரான சித்தப்பா, நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு பல் செட் கடைக்கு வந்தார். 'மேட்டுக்காரி' ஒரே நாளில் 'நம்ம மருமக' ஆகியிருந்தாள்.

"நீ மட்டும் நம்ம மண்டபத்துல வந்து நடந்ததை உன் வாயால சொல்லிடும்மா. அவனுங்க எப்படிப்பட்டவனுங்கன்னு ஜனங்க தெரிஞ்சுக்கட்டும்."

"வர்றேன் மாமா. அவங்க செத்தவரை எண்ணப் பார்த்ததைச் சொல்றேன். நீங்க ஒரே குழந்தையை மூணு தடவை எண்ணப் பார்த்ததையும் சொல்றேன். ரெண்டையும் சேர்த்துச் சொன்னாத்தானே கதை முழுசா இருக்கும்?"

சித்தப்பா செருப்பைத் தேடினார். அவள் கணவன் ஒரு மெழுகு அச்சைச் செதுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "பார்த்துப் போங்க சித்தப்பா, படி உயரம்" என்றார்.

எட்டு மாதம் கழித்து முடிவு வந்தது. நடுச்சாலையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மேல்சபை நூற்றுக்கு முப்பத்திரண்டு. கீழ்சபை முப்பத்தொன்று. மீதி முப்பத்தேழும், மலை முழுவதும் தகரக் கொட்டகைகளில் இருந்தவர்கள். எல்லா வட்டங்களிலும் இந்த முறை எண்ண வந்தவர்கள் கொட்டகைகளுக்குள் போயிருக்கிறார்கள். ஒன்றிரண்டு தலைக்காக அடித்துக்கொண்டிருந்த இரண்டு சபைகளும் கொட்டகைகளுக்குப் பின்னால் நின்றன. பலகை முன்னால் கூடிய கூட்டம் அச்சுப்பிழை என்று முதலில் நம்பியது. பிறகு கூட்டல் தப்பு என்றது. இரண்டு சபைக்காரர்களும் தோளோடு தோள் உரசி நின்று கூட்டிப் பார்த்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கடவுளால் சேர்த்துவைக்க முடியாதவர்களை ஒரு சதவிகிதக் கணக்கு சேர்த்துவைத்தது.

கூட்டாக ஒரு மனு எழுதினார்கள். வந்து போகிறவர்களை எண்ணியது செல்லாது என்பது அதன் சாரம். அதிகாரி வாங்கி முத்திரை குத்தி, எதன் அடியிலோ வைத்தார். மன்றத்தின் தலைமை நாற்காலிக்குக் கொட்டகைக்காரர்கள் மேஸ்திரியின் பெயரைக் கொடுத்தார்கள். அவள் வேலைக்குப் போய்க்கொண்டே அதற்கான படிவத்தை நிரப்பினாள். சந்தேகம் வந்த இடத்தில் டீச்சரிடம் கேட்டாள்.

அந்த வாரத்தில் ஒரு நாள், இடைவேளை மணி அடித்த நேரத்தில், பள்ளிக்கூட வாசலில் தலைவரின் கார் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கினார். அப்பாவைப் பற்றி ஏதோ சொல்ல வந்திருக்கிறார் என்று ஒரு நிமிடம் டீச்சர் நினைத்தாள். அவளுக்கும் அந்த அளவு நப்பாசை மிச்சமிருந்தது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "ஆறு மாசம் தங்கினாத்தானே கணக்குல வருவானுங்க?"

"ஆமா."

"அப்போ அஞ்சு மாசம் ஆனதும் எல்லாரையும் அனுப்பிட்டா?"

"அனுப்பலாம். பூ எடுக்கிறப்ப ஆள் வேணும், காய் கழிக்கிறப்ப வேணும், பறிக்க வேணும், அடுக்க வேணும், கிளை வெட்டிக் கவாத்துப் பண்ண வேணும். வருஷத்துல எந்த அஞ்சு மாசம்னு நீயே பார்த்துக்கோ."

தலைவர் ஸ்டீயரிங்மேல் விரல்களை வைத்து மாதங்களை எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனார். நடுவில் தவறிப்போய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு இருந்தது, உள்ளே போய்விட்டாள்.